கீழ்த்தட்டு எலிகளும் மூளையின் முட்களும்

போன செவ்வாய்க்கிழமை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றுகொண்டிருந்தவள், கையிலிருந்த போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, பேரப்புள்ள எதுனா பொறந்துகீதா?"

"பேரப்புள்ள இல்லக்கா. முள்ளு ஒண்ணு பொறந்துகீது."

"எங்க?"

"எலி மூளைல."

அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி தள்ளிப்போய் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வீடியோவை அனுப்பியவள் கோதை. அவள் இப்போது பெங்களூரில் சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்துகிறாள். உயிரோடு இருக்கும் எலியின் மூளைக்குள் ஒரு நரம்பணுவின் கிளையை மணிக்கணக்கில் படம் பிடித்து, அதை அரை நிமிஷத்துக்குச் சுருக்கியிருந்தாள். கிளையின் ஓரத்தில் ஏழு முட்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றுமில்லாத இடத்தில் லேசாக ஒரு புடைப்பு கிளம்பியது. அது நீண்டு, தலை உருண்டு, எட்டாவது முள்ளாக நின்றது. கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "அக்கா, எண்ணுங்க."

முப்பத்தோரு வருஷம் நான் இந்த முட்களை எண்ணிச் சம்பளம் வாங்கியவள். எண்ணியதெல்லாம் செத்தவை. ஒரு முள் முளைப்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தவளைத் திடீரென்று பந்தியிலேயே உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல்பட்டு வண்டி வந்து, நின்று, போயும் விட்டது.

எங்கள் ஆய்வுக்கூடத்து இளசுகள் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "எஸ்தரக்கா, இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டரே எண்ணிடுது. நீங்க கையால எண்ணுன கதைய நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க." எழுத்தெல்லாம் எனக்கு வராது என்று தட்டிக் கழித்து வந்தேன். அந்த எட்டாவது முள் என்னை உட்கார வைத்துவிட்டது.

முள் என்றதும் கருவேல முள்ளை நினைத்துவிடாதீர்கள். நரம்பணுவுக்கு மரம் மாதிரி கிளைகள் உண்டு. அந்தக் கிளைகளின் மேல் பொடிப் பொடியாக முளைத்திருப்பவைதான் இவை. உருண்டைத் தலை, ஒல்லிக் கழுத்து. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் எத்தனையோ முட்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. வேறொரு அணுவிலிருந்து வரும் சேதி இந்தத் தலையில்தான் வந்து இறங்கும். கழுத்து ஏன் ஒல்லி என்றால், இந்தத் தலைக்குள் நடக்கும் களேபரம் பக்கத்து முள்ளுக்குக் கசிந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் தனி வாசல் வைத்த தனி வீடு. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது ஒல்லி முட்கள் எட்டிப் பார்க்கும். அவற்றில் சில நிலைத்து, காளான் போலத் தலை பெருத்து, வருஷக்கணக்கில் இருக்கும். வேலை இல்லாதவை சுருங்கிப் போகும். இவ்வளவு அழகான ஒரு சங்கதிக்கு, யாரையும் குத்தாத ஒன்றுக்கு, முள் என்று பேர் வைத்தவர் மேல் எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் ஒரு மண்ணும் தெரியாது. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட வீட்டுப் பெண் நான். பன்னிரண்டாவது முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாசம் கண்ணாடிப் புட்டி கழுவினேன். அடுத்த ஒரு வருஷம் கழுவிய புட்டியை மறுபடி கழுவினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

கழுவச் சொன்னவர் பூரணி மேடம், எங்கள் துறைத் தலைவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் பென்சில் சீவுவார். மேஜையில் எத்தனை பென்சில் கூராக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் அறைக்குள் போவோம். பாராட்டு என்பது அவர் அகராதியிலேயே கிடையாது. வேலை சரியாக இருந்தால் "அடுத்தது" என்பார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே நான் "மேடம், இது முள்ளுதான்னு தோணுது" என்று சொல்லிவிட்டால் போச்சு.

"உனக்கு என்ன தோணுதுன்னு நான் கேக்கல, எஸ்தர். என்ன தெரியுதுன்னு கேட்டேன்."

இதை முப்பத்தோரு வருஷத்தில் ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்க்கும்போதுகூட எனக்கு அந்தக் குரல்தான் கேட்கும்.

இனி சாயமேற்றும் வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதில் கில்லாடி. எலியின் மூளையை எடுத்துத் துண்டாக்கி, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் டைக்ரோமேட் கரைசலில் போட்டு இருட்டு அலமாரியில் வைப்போம். தினமும் கரைசலை மாற்றுவேன். சில நாள் கழித்து எடுத்து, வடிதாளில் ஒற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கினால் செங்கல் தூள் போலச் சிவப்பாகக் கொட்டும். அது கொட்டி அடங்கும்வரை அலச வேண்டும். அப்புறம் புது சில்வர் நைட்ரேட்டில் போட்டு மறுபடி இருட்டு. பிறகு சீவி, ஆல்கஹாலில் ஈரம் போக்கி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி மூட வேண்டும். கையுறை போட்டாலும் என் விரல் நுனியெல்லாம் கறுத்துத்தான் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "இன்னாம்மா, ஹேர் டை அடிக்கிற கடைல வேலையா?"

இதில் ஒரு மாயம் உண்டு. நூறு நரம்பணு இருந்தால் ஒன்றோ இரண்டோதான் சாயம் ஏறும். எது ஏறும், ஏன் ஏறும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏறிய ஒன்று மட்டும் வேர் முதல் நுனி வரை கன்னங்கரேலென்று, மஞ்சள் பின்னணியில் தன்னந்தனியாக நிற்கும். எல்லாமே ஏறியிருந்தால் வெறும் கறுப்புத்தான் தெரிந்திருக்கும். முதல்முறை எண்ணெய் லென்ஸை இறக்கி, நுண்திருகை இம்மி இம்மியாகத் திருப்பி, கிளையோரத்தில் அந்தக் குட்டித் தலைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்து, உத்திரமேரூரில் இறங்காமல் அடுத்த ஊர் வரைக்கும் போய்விட்டேன்.

எண்ணுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தத் தகடு எந்த எலியுடையது என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், நாம் விரும்புகிற பக்கம் கண் சாய்ந்துவிடும். எங்கள் ஊரில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க, பேர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள் என்று கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதைப் பேச்சுவாக்கில் நான் சொல்லிவிட்டேன். மறுநாளே மேடம் ஒரு பித்தளைக் குடம் வாங்கிவரச் சொன்னார். அதிலிருந்து, பக்கத்துக் கட்டிடத்து நூலகர் வந்து சீட்டு எடுப்பார். சீட்டில் இருக்கும் எழுத்தைத் தகட்டில் எழுதி, பழைய எண்ணின் மேல் டேப் ஒட்டுவார். எது எது என்ற பட்டியல் உறைக்குள் போய், அரக்கு வைத்து, அவர் பீரோவில் பூட்டப்படும். எண்ணி முடிந்த பிறகுதான் உறை பிரியும்.

இப்போது கோதையின் கதை. நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. திருப்புட்குழியிலிருந்து வந்து பி.எச்டி. செய்துகொண்டிருந்தாள். அவள் ஆராய்ச்சி இதுதான்: எட்டு எலிகளுக்கு ஒரு பெரிய கூண்டு, அதில் ஏணி, சக்கரம், குழாய் என்று விளையாட்டுச் சாமான். இன்னொரு எட்டு எலிகளுக்கு ஆளுக்கொரு மொட்டைக் கூண்டு. சாப்பாடு, தண்ணீர், மரத்தூள், அவ்வளவுதான். நாற்பது நாள் கழித்து இரண்டு கூட்டத்தின் மூளையிலும் முட்களை எண்ண வேண்டும். விளையாடிய எலிகளுக்கு முள் கூடுதலாக இருக்க வேண்டும்.

சோதனை தொடங்கிய வாரமே எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமி அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். எலி அறையின் காலை நேர வேலை என் தலையில் விழுந்தது. முதல் பஸ் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் போய்விடுவேன். மற்றவர்கள் வர ஒன்பதாகும்.

மொட்டைக் கூண்டு எலிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பெரிய கூண்டில் திருவிழா நடக்கும். இதுகள் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் காய்ந்து கிடந்த பீர்க்கங்கூட்டை நறுக்கிக் கொண்டுபோய்ப் போட்டேன். அடடா, அந்த எலி அதற்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாள் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி, அதற்கடுத்த நாள் வைக்கோல் பிரி. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கொஞ்சி, பேர் வைத்துக் கூப்பிட்டேன். ஒன்பதுக்குள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மரத்தூளைச் சமன் செய்துவிடுவேன். இப்படியே நாற்பதாம் நாள் வரைக்கும். இது சோதனையைக் கெடுக்கும் என்று எனக்கு ஒரு கணம்கூட உறைக்கவில்லை. அதுங்க சந்தோஷத்துக்கும் முள்ளுக்கும் என்ன சம்பந்தம் என்று, அந்தச் சம்பந்தத்தைக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவள் யோசிக்காமல் இருந்தேன்.

நாற்பதாம் நாள் அதுங்களைக் கொன்றுதான் மூளையை எடுக்க வேண்டும். எடுத்துப் புட்டியில் போட்டு லேபிள் ஒட்டியது கோதை. நான் வராந்தாவில் நின்று, கர்த்தரே, இதுங்களை நீர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் மாசக்கணக்கில் சாயம், சீவல், எண்ணிக்கை. நூலகர் குடத்தில் சீட்டெடுத்தார். நான் கையில் சொடுக்கும் எண்ணுமானியோடு உட்கார்ந்தேன். ஒரு முள்ளுக்கு ஒரு சொடுக்கு. கிளைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை எண்ணக் கூடாது, ஓரத்தில் தெளிவாகத் தெரிவதை மட்டும்தான். மேடம் நடுநடுவே வந்து நான் எண்ணியதையே எண்ணிப் பார்ப்பார். ஒத்துப்போனால் "அடுத்தது."

உறையைப் பிரித்த அன்று கோதை சாமி கும்பிட்டுவிட்டு வந்திருந்தாள். விளையாடிய எட்டுக்கும் முள் கூடுதல். சரி. மொட்டைக் கூண்டு எட்டில் நாலுக்குக் குறைவு. அதுவும் சரி. மீதி நாலுக்கு, விளையாடிய எலிகளுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தது.

மேடம் பென்சில் சீவ ஆரம்பித்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று பென்சில். பிறகு கோதையைப் பார்த்து, "எண்ணிக்கையில கோளாறு இல்ல. எஸ்தருக்கு எது எதுன்னே தெரியாது. அப்ப புட்டியிலதான் கோளாறு. வெளையாடுன எலியோட மூளைத் துண்டு இந்த நாலு புட்டியிலயும் போயிருக்கு. லேபிள் ஒட்டுனது நீ" என்றார்.

"நான் மாத்தல மேடம். ஒண்ணொண்ணா ஒட்டினேன். எனக்கு நல்லா தெரியும்."

"தெரியுமா, தோணுதா?"

கோதைக்கு இது நாலு வருஷ உழைப்பு. அவளுடைய உதவித்தொகை அந்த மாசக் கடைசியோடு முடிகிறது. நம்ப முடியாத புட்டியை வைத்து ஆய்வேடு எழுத முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். அதைவிட மோசம், கவனமில்லாத பெண் என்ற பேரோடு அவள் போக வேண்டும். வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. "அக்கா, நான்தான் மாத்திட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்குக்கா" என்றாள். அழுதிருந்தால்கூட நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை எலி அறையில் காலிக் கூண்டுகளைக் கழுவப் போனேன். மொட்டைக் கூண்டுகள் இரண்டு தட்டாக இருந்தன. மேல் தட்டில் ஒன்று முதல் நாலு. கீழ்த்தட்டில் ஐந்து முதல் எட்டு. சமமாக வந்த நாலு எலிகளும் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

நான் நாலே முக்கால் அடி. மேல் தட்டுக் கூண்டுகளின் தண்ணீர்ப் புட்டியும் தீவனமும் முன்பக்கம். கையை நீட்டினால் எட்டும். மூடி மேலே இருக்கிறது, அது எட்டாது. மரத்தூள் மாற்றும் நாளில் வாட்ச்மேன்தான் இறக்கிக் கொடுப்பார். அத்தனை நாளும் பீர்க்கங்கூடு போனது கீழ்த்தட்டுக்கு மட்டும்தான். என் குற்றத்தை, அது என் குற்றம் என்றே தெரியாமல், நானே மாசக்கணக்கில் உட்கார்ந்து சொடுக்கிச் சொடுக்கி எண்ணியிருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே ஓடிப்போய் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் கூண்டு கழுவினேன், கழுவிய கூண்டையே மறுபடி கழுவினேன். சொன்னால் வேலை போகும். என் வீட்டில் மாசச் சம்பளம் பார்த்த முதல் ஆள் நான். சொல்லாவிட்டால் யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாளே, அதுதான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

மேடம் அறையில் கோதையும் இருந்தாள். மேஜையில் ஆறு பென்சில் கூராகக் கிடந்தது.

"மேடம், புட்டி மாறல. கீழ்த்தட்டு எலிங்களுக்கு நான் வெளையாட்டுச் சாமான் குட்த்தேன்."

"என்ன சொல்ற? அப்படித் தோணுதா உனக்கு?"

"தோணறது இல்ல மேடம். செஞ்சது."

மேடம் ஒரு தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். என்ன சாமான், எத்தனை மணிக்கு வைத்தேன், எத்தனை மணிக்கு எடுத்தேன், கையில் தூக்கினேனா, எவ்வளவு நேரம், எந்த நாளாவது விட்டேனா. போலீஸ் ஸ்டேஷனில்கூட அப்படிக் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பேர் வைத்ததைக்கூடச் சொன்னேன். ஏழாம் நம்பர் ஜாக்குலின் என்றபோது கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. கடைசியாக மேடம் பேனாவை வைத்தார்.

"ஏன் மேல் தட்டுக்குக் குடுக்கல? அதுக்கு எதாவது காரணம் உண்டா?"

"எட்டல மேடம்."

மேடம் என்னைத் தலை முதல் கால் வரை அளந்து பார்த்தார். அப்புறம் அவர் உதடு கோணியது. அந்த மனுஷி சிரிக்க ஆரம்பித்தார். பதினைந்து வருஷத்தில் நான் பார்த்திராத சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி "எட்டலயாம்" என்று சிரித்தார். கோதை சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் மட்டும் விறைத்து நின்றுகொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் பழைய மேடம் ஆனார். "நீ பண்ணது பெரிய தப்பு, எஸ்தர். மெமோ வரும். இனிமே எலி ரூம் பக்கம் நீ போகக் கூடாது." தாளை மடித்தார். "ஆனா கோதை, இவ எண்ணுனதுல ஒரு தப்பும் இல்ல. எது எதுன்னு தெரியாமலே, தினம் ரெண்டு மணி நேரம் வெளையாடுன எலிய மூளைய வச்சே தனியாப் பிரிச்சுட்டா."

அதுதான் முப்பத்தோரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. மெமோவும் அதே வாரத்தில் கிடைத்தது. மெமோவை வாங்கிக்கொண்டு பல்லை இளித்துக்கொண்டு வந்த ஒரே ஊழியர் நானாகத்தான் இருப்பேன்.

மேடம் தன் கைப்பட எழுதி கோதைக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தார். சோதனையை முதலிலிருந்து செய்தோம், இந்த முறை மூன்று கூட்டம். மூன்றாவதுக்கு, தினம் இரண்டு மணி நேரம் மட்டும் விளையாட்டு. அவள் ஆய்வேட்டில், செய்முறைப் பகுதியில், பீர்க்கங்கூடு என்ற சாமான் முறைப்படி பதிவாகியிருக்கிறது. நான் எலி அறைப் பக்கம் போகாமல், குடத்துச் சீட்டை மட்டும் நம்பி எண்ணினேன். இரண்டு மணி நேர எலிகளுக்கு மொட்டைக் கூண்டு எலிகளைவிட முள் கூடுதல் என்று உறை சொன்னபோது, நானும் கோதையும் வராந்தாவில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு குதித்தோம். மேடம் அந்தப் பக்கமாகப் போனார். "அடுத்தது" என்றார்.

இத்தனை சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒரு விஷயம் எனக்கு ஆறியதே இல்லை. அந்த முதல் மேல் தட்டு நாலு எலிகள். கீழே என்ன நடக்கிறது என்று அதுங்களுக்குக் கேட்டிருக்கும். என் வீட்டில் சமையல்கட்டு ஸ்டூல் ஒன்று சும்மாதான் கிடந்தது. அதைக் கொண்டுபோகலாம் என்று நாற்பது நாளில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. கொண்டுபோயிருந்தால் எட்டும் ஒரே மாதிரி வந்திருக்கும், உண்மை வெளியே வந்திருக்காது, கோதையின் ஆய்வு மொத்தமாகப் படுத்திருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

பஸ் ஸ்டாண்டில் சிரித்து முடித்த பிறகு கோதைக்குப் பதில் போட்டேன். "எட்டு. நல்லா தெரியுது. உன் எலிங்களுக்கு வெளையாட்டுச் சாமான் குடுக்கிறியா?"

"இப்பல்லாம் எல்லாக் கூண்டுக்கும் குடுத்தே ஆகணும் அக்கா, அதான் விதி" என்று எழுதிவிட்டு ஒரு போட்டோ அனுப்பினாள். வரிசையாகக் கூண்டுகள், மூன்று தட்டு. ஒவ்வொன்றிலும் குழாயோ கட்டையோ ஏதோ ஒன்று. உச்சித் தட்டில் ஒரு எலி, தன் குழாய்க்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூண்டுகளுக்கு முன்னால் தரையில் ஒரு நீல ஸ்டூல் நின்றது. அதன் பக்கவாட்டில் கோதையின் கையெழுத்தில், பெயின்டால், தமிழில் ஒரே வார்த்தை எழுதியிருந்தது: எஸ்தர்.